ஜெயக்கொடி வாசலில் கட்டிய கல்

உருகுற கல்லு கேட்டுதானம்மா வந்திருக்கிய? தெரியும். இந்த மாசத்துல நீங்க ஏழாவது ஆளு. இரிங்க, அந்த நாற்காலில இரிங்க. பக்கத்துல இருக்க பாட்டில மட்டும் ஆட்டிராதிய. உள்ள நூல்ல ஒண்ணு தொங்குது பாத்தியளா, மொச்சக்கொட்ட தண்டி? இருபது நாளா அப்படியே தொங்குது. ஒரு தட்டு தட்டுனாப் போதும், அடில குருணை குருணையா விழுந்து எல்லாம் பாழாயிரும்.

உருகுற கல்லு என்ட்ட கெடையாது. உருகாத கல்லுதான் இருக்கு. அலமாரியப் பாருங்க. எட்டுப் பட்டை, ஒவ்வொரு பட்டையும் அறுத்து வச்ச மாதிரி நேரா இருக்கா? யாரும் அறுக்கல, அதுவா வளந்தது. அந்தப் பெருசு அஞ்சு மாசம். இது ஒண்ணையும் எவளும் கேக்க மாட்டேங்கா. வாரவ எல்லாம், "ஜெயக்கொடி வீட்டு வாசல்ல உருகுச்சே, அந்த மாதிரி ஒண்ணு குடுங்கக்கா"ன்னுதான் வாரா. ஒழுங்கா செஞ்சதுக்கு மதிப்பில்ல. கேடு நெனச்சு செஞ்சதுக்கு ஊரு ஊரா ஆளு வருது.

ஆமா, கேடு நெனச்சுதான் செஞ்சேன். ஏன் முழிக்கிய? நீங்க ஏரல்லேருந்து வந்திருக்கிய, பஸ் ஏறிப் போயிருவிய. உங்ககிட்ட சொன்னா இந்தக் காம்பவுண்டுக்குள்ள சுத்தாது. யார்ட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு. கேளுங்க.

இந்த ஜெயக்கொடி முன்னால இதே காம்பவுண்டுலதான் குடியிருந்தா. எனக்கு அடுத்த வீடு. ஒரே கொழாய்ல தண்ணி புடிச்சிருக்கோம். அவ மக சுபிதா முக்காவாசி நேரம் என் வீட்லதான் கெடப்பா. எனக்குப் பிள்ளகுட்டி கெடையாது. எங்க வீட்டுக்காரவ ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாவ, காலைல போனா சாயங்காலம்தான் வருவாவ. அந்தப் பிள்ள காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்துப் படிச்சா. அவதான் ஒரு நாள் படிகாரம் கொண்டாந்தா. உங்க ஊர்ல சீனாக்காரம்னு சொல்லுவாவளா இருக்கும்.

"அத்த, சுடுதண்ணில இதக் கரையிற மட்டும் போட்டுக் கலக்குங்க. அதுக்கு மேல கரையாதுன்னு வரும்லா, அப்ப துணில வடிகட்டி மூடி வச்சிருங்க. நாளைக்குக் காலைல பாருங்க"ன்னா.

மறுநாள் பாத்தா, அடில சின்னச் சின்னதா மின்னுது. அதுல நல்லதா ஒண்ண எடுத்து, நூல்ல கட்டி, திரும்பப் புதுசாக் காய்ச்சி ஆறவச்ச தண்ணில தொங்கவிடச் சொன்னா. தண்ணி சூடா இருந்தா கட்டுன கல்லே கரைஞ்சிரும். நான் ரெண்டு கல்லு அப்படிக் கரைய விட்டிருக்கேன். பொறவு கை பழகிப்போச்சு. தூசி படக்கூடாது, காத்தாடிக் காத்து நேரா அடிக்கக்கூடாது, எடுத்து எடுத்துப் பாக்கக்கூடாது. அந்த மூணாவதுதான் கஷ்டம். ஆனா எனக்கு அது வந்துச்சு. காத்துக் கெடக்கது எனக்கு ஒண்ணும் புதுசு இல்லல்லா.

ஜெயக்கொடி எதுத்தாப்ல மனை வாங்கி வீடு கெட்டுனா. பால்காய்ப்புக்கு எல்லாரும் குத்துவெளக்கு, சுவர்க் கடிகாரம்னு தூக்கிட்டுப் போனாவ. நான் ஒரு கல்லு வளத்தேன். நாலு மாசம். ஒரு கருங்கல்லு சில்லு மேல கொத்தா வளர விட்டது, பாதித் தேங்கா தண்டி இருக்கும். கறுப்புக்கு மேல வெள்ள வெளேர்னு. எங்க வீட்டுக்காரவளே ரெண்டு நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. அவ்வோ எதையும் திரும்பிப் பாக்குற ஆளு கெடையாது. கண்ணாடிப் பெட்டில வச்சுக் குடுத்தேன். "ஷோகேஸ்ல நடுவுல வைக்கேன்க்கா"ன்னு சொல்லி வாங்கினா.

மூணு வாரம் கழிச்சு அங்க போனேன். மழைத் தண்ணில கால் எல்லாம் சகதி. "பாத்ரூம்ல கழுவிட்டு வாங்கக்கா"ன்னா. போனேன். சோப்பு டப்பாவுல என் கல்லு கெடக்கு. கண்ணாடிப் பெட்டியக் காணோம், கருங்கல்லு சில்லக் காணோம், பேத்து எடுத்து தனியாக் கெடக்கு. ஒரு பக்கம் பூரா தேஞ்சு மழுமழுன்னு ஆயிருக்கு. அதுல மயிரு ஒட்டியிருந்துச்சும்மா, தாடி மயிரு. அவ புருசன் தர்மராஜ் ஷேவிங் பண்ணிட்டு என் கல்ல எடுத்துக் கன்னத்துல தேய்க்கான்.

அது கூடப் போகட்டும், ஆம்பள, தெரியாம செஞ்சிருப்பான்னு வச்சுக்கிடலாம். நான் உள்ள நிக்கது தெரியாம அடுப்படில ஜெயக்கொடி பேசுதா. மூணாம் வீட்டு ராஜாத்தி வந்திருந்தா. "அந்தக் கல்ல எங்கட்டி, ஷோகேஸ்ல காணோம்"னு அவ கேக்கா. அதுக்கு இவ சொல்லுதா, "பிள்ளையில்லாதவ வயித்தெரிச்சல்ல வளத்த கல்லு, அத நடுவீட்ல வைக்கவா? இவ்வோ மூஞ்சில தேய்க்கட்டும்னு போட்டுட்டேன்."

ரெண்டு பேரும் சிரிச்சாளுவ.

நான் காலக் கழுவுனேன். வெளிய வந்தேன். காப்பி குடுத்தா, குடிச்சேன். சீனி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்னு மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு அன்னிக்குப் பூரா நான் சோறு பொங்கல.

நீங்களே சொல்லுங்க, இத யாரு விடுவா? சண்ட போட்டா நாலு பேரு வேடிக்க பாப்பான், மறுநாள் மறந்துருவான். எனக்கு அது பத்தாது. நாலு பேரு முன்னாடி அவ தல குனியணும். அவ வீட்டு வாசல்லயே குனியணும். நான் குடுத்த கல்லாலயே குனியணும். அத முடிவு பண்ணிட்டேன், என்ன செய்யப் போறேங்கதுதான் தெரியல.

புரட்டாசில ஒரு சேதி வந்துச்சு. சுபிதாவப் பொண்ணு பாக்க கோயில்பட்டிலேருந்து வாராவளாம். மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேல. மாப்பிள்ளயோட அம்மாக்காரி சகுனம் பாக்கதுல பெரிய ஆளாம். போற வழில யாரோ தும்முனாவன்னு காரத் திருப்பிட்டுப் போன பொம்பளயாம். மூணு எடம் அப்படியே தட்டிப் போச்சாம். தரகர் சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாவ. நான் சிரிக்கல. எனக்கு அந்த நிமிசமே வழி தெரிஞ்சு போச்சு.

வாசல்ல திருஷ்டிக்குப் படிகாரம் கட்டுவோம்லா? பொண்ணு பாக்க வாரவ கால் வைக்கிற நேரம் அது தலைக்கு மேல ஒழுகுனா? கண்ணீர் மாதிரிச் சொட்டுனா? அந்தப் பொம்பள கார்லேருந்து எறங்குன கால எடுத்துத் திரும்பக் காருக்குள்ளயே வச்சிட்டுப் போயிருவா. ஜெயக்கொடி மூஞ்சிய நான் பக்கத்துல நின்னு பாக்கணும்.

ஆனா படிகாரம் அப்படி லேசுல ஒழுகாது. நான் வளத்த கல்லு மழைக்காலத்துலயும் கிண்ணுனு இருக்கும். என் கைவேல அப்படி. இப்ப ஒழுகுறதுக்குன்னே ஒண்ணு செய்யணும். நான் உப்பளத்துல வாரி வளந்தவம்மா, எங்கம்மையோட சின்னப் பிள்ளையிலேயே அளத்துக்குப் போயிருக்கேன். எந்த உப்பு வேர்க்கும்னு எனக்குத் தெரியும். நல்ல உப்ப வாரின பொறவு பாத்தில அடில கசப்புத் தண்ணி தேங்கும் பாருங்க, அதுல ஊறுன உப்பு மழக்காத்து பட்டாலே ஈரத்த இழுத்துக் கூழாயிரும். ஒரு டப்பா கொண்டாந்தேன்.

படிகாரத்தப் பழைய இருப்புச்சட்டில போட்டு லேசாச் சூடு காட்டுனா அது தானா எளகித் தண்ணியாயிரும். அதுல இந்த உப்பப் போட்டுக் கெளறி செரட்டைல ஊத்தணும். வெறைச்ச பொறவு வெளிய எடுத்து, மேல பூரா நான் வளத்த பொடிக் கல்லா ஒட்டிரணும். பாக்கதுக்கு ஜொலிக்கும். உள்ளதான் சமாச்சாரம்.

மொதல்ல செஞ்சது ஒரே நாள்ல ஒழுகிருச்சு. உப்பு கூடிப்போச்சு. ரெண்டாவது பத்து நாளு கொடில தொங்குச்சு, அசையல. மூணாவது, நாலாவது... ஒம்பது கல்லு செஞ்சேன். எது எத்தன நாள்ல வேர்க்குன்னு காலண்டர்ல குறிச்சேன். ஒம்பதாவது கட்டுன மூணாம் நாளு வேர்த்து, அன்னிக்கே சாயங்காலம் ஒரு பக்கம் இத்து விழுந்துச்சு. அத மாதிரியே பத்தாவது செஞ்சு, அரிசிப் பானைக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சேன். நான் என் வாழ்க்கைல இம்புட்டு நிதானமா ஒரு வேல செஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரவ கூட, "இப்பல்லாம் நீ நல்லா இருக்க, மூஞ்சில ஒரு தெளிச்சி இருக்கு"ன்னாவ.

அந்த நாள்ல சுபிதா வருவா. வடிகட்டதுக்கு துணி புடிப்பா. என்னத்தையோ பேசிட்டே இருப்பா. "அத்த, எனக்கு மதுரைல எம்.எஸ்சி சீட்டு கெடச்சிருக்கு. அம்ம வேண்டாங்கா. ஃபீஸ் கட்ட இன்னும் ஒரு மாசம் இருக்கு. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனா அப்பாட்ட கேட்டுப் பாக்கலாம்"பா. நான் ம்ம்னு கேட்டுக்கிடுவேன். எனக்கு அப்ப செரட்டைல கண்ணு. ஒரு நாள், "நீங்க வந்து அம்மட்ட சொல்லுங்கத்த"ன்னு கூடக் கேட்டா. அவ அம்மட்டயா, நானா? போய்ச் சொல்லவா? போ அங்கிட்டுன்னு அனுப்பிட்டேன்.

ஐப்பசில ஒரு ஞாயித்துக்கெழம வாரதாச் சொல்லியாச்சு. வியாழக்கெழமையே நான் ஜெயக்கொடி வீட்டுக்குப் போனேன். சிரிச்ச மூஞ்சியாத்தான் போனேன். "நம்ம சுபிதாவுக்கு நல்ல காரியம். வீடு வேற புதுசு, ஊர்க்கண்ணு பூரா இங்கதான். இத வாசல்ல கட்டு"ன்னு குடுத்தேன். அவ திருப்பித் திருப்பிப் பாத்தா. ஜொலிச்சதுல்லா? பிள்ளையில்லாதவ கல்லுன்னு இப்ப அவளுக்குத் தோணல. திருஷ்டிக்குத்தான, கெட்டதக் கெட்டதால எடுக்கதுன்னு நெனச்சாளோ என்னமோ. தர்மராஜ் ஸ்டூல் போட்டு ஏறி கறுப்புக் கயித்துல கட்டுனான். நல்லா நடுவுல கட்டுங்கண்ணாச்சின்னு நான்தான் சொன்னேன்.

ஞாயித்துக்கெழம காலைலேருந்து தூறல். கல்லு வேர்க்க ஆரம்பிச்சிட்டு. நான் இங்கன ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். சொட்டு கட்டுது, விழல. நாலு மணிக்கு அங்க போனேன். ஒத்தாசைக்குப் போற மாதிரி சந்தனக் கிண்ணத்த எடுத்தேன். ஜெயக்கொடி மெதுவா வந்து என் கைலேருந்து அத வாங்கி ராஜாத்திட்ட குடுத்தா. "நீங்க உள்ள கேசரியப் பாத்துக்கிடுங்கக்கா"ன்னா. சரிட்டி, இன்னும் அர மணி நேரம்தான்னு நெனச்சுக்கிட்டேன். கேசரிப் பக்கம் போகல. வாசக் கதவுக்குப் பின்னாலயே நின்னேன்.

கார் வந்துச்சு. மாப்பிள்ளயோட அம்மாக்காரிதான் மொதல்ல எறங்குனா. பச்சப் பட்டு. படில கால் வச்சா. சொட்டு அவ தோள்பட்டைல விழுந்துச்சு. நிமிந்து பாத்தா. ரெண்டாவது சொட்டு நெத்தில. அவ ஐயோன்னு பின்னால போகவும், பாதிக் கல்லு இத்து அவ காலடில சொத்துன்னு விழுந்துச்சு.

ராஜாத்தி கைல பன்னீர்ச் செம்பு அப்படியே நிக்கி. ஜெயக்கொடி மூஞ்சி செத்துப் போச்சு. அத நான் பாத்தேம்மா. பக்கத்துல நின்னு பாத்தேன். நாலு மாசக் கல்லுக்கும், அந்தச் சிரிப்புக்கும், பிடுங்கின சந்தனக் கிண்ணத்துக்கும் சேத்து அந்த ஒரு நிமிசம் எனக்குக் கெடச்சுது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோசம் என் கல்யாணத்தன்னிக்குக் கூட எனக்கு இல்ல.

ஒரு நிமிசம்தான்.

அந்தப் பொம்பள குனிஞ்சு அந்தக் கூழத் தொட்டா. அண்ணாந்து பாத்தா. ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டா. "ஏ யம்மா, கல்லே கரைஞ்சு போச்சே! இந்தப் பிள்ளைக்கு எம்புட்டுக் கண்ணு பட்டிருந்தா கல்லு இப்படிக் கரையும்? எல்லாத்தையும் அது வாங்கிட்டு விழுந்திருச்சு. அதும் நாங்க கால் வைக்கிற நேரத்துக்குக் கழிஞ்சிருக்கு பாருங்க. இனிம இவளுக்கு ஒரு கொறையும் வராது. இவதான் என் மருமக"ன்னுட்டா.

உள்ள வந்து உக்காரக்கூட இல்ல. பூவக் கொண்டாங்கன்னா. நின்னபடிக்கே பேசி முடிச்சாச்சு.

பொறவு கேக்கா, "இந்தக் கல்லு யாரு கெட்டுனா?"ன்னு. ஜெயக்கொடி ஓடி வந்து கதவுக்குப் பின்னால நின்ன என்னயக் கையப் புடிச்சு இழுத்து முன்னால நிறுத்துனா. "எங்க தங்கபுஷ்பக்காதான். அவ்வோ கையாலயே வளத்தது. எங்க வீட்டுக்கு அவ்வோ கூடப் பெறந்தவ மாதிரி"ன்னா. சொல்லிட்டு அழுதா. நெசமாவே அழுதா. அந்தப் பொம்பள என் கைல வெத்தல பாக்கு வச்சு, ரவிக்கத் துணி வச்சுக் குடுத்தா. நான் வாங்கிட்டேன். வாங்காம என்ன செய்ய?

அப்ப சுபிதா உள் வாசல்ல நிக்கா. சேலை கெட்டி, பூ வச்சு. என்னயவே பாக்கா. வெக்கமாக்கும்னு நெனச்சேன்.

அன்னிலேருந்து புடிச்சுது எனக்கு இந்தப் பேரு. கைராசிக்காரின்னு. ஜெயக்கொடிதான் ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியுதா. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு தூக்க என்னயக் கூப்புட்டா. கல்யாணத்துல மொத வெளக்க என்னய ஏத்தச் சொன்னா. எனக்குக் கல்யாணமாயி இருவத்தாறு வருசமா ஒருத்தியும் என்னய ஏத்தச் சொன்னதில்ல. எல்லாரும் பாத்தாவ, நான் ஏத்துனேன். ஆனா எனக்கு அதுவா வேணும்? அவ மதிக்கணும்னா நான் பத்துக் கல்லு செஞ்சேன்? அவ அழணும்னு செஞ்சேன். அழுதாதான், ஆனா எனக்கு வேண்டிய அழுகை அது இல்ல. அவளுக்கு நல்லது செஞ்சிட்டேம்மா நான், என் கையாலயே. ஒவ்வொருத்தி வந்து உருகுற கல்லு குடுங்கங்கும்போது எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவால்ல.

தைல கல்யாணம் முடிஞ்சு, ஓசூருக்குப் போறதுக்கு மொத நாளு சுபிதா ஒத்தையில வந்தா. மத்தியானம். நான் வடிகட்டிட்டு இருந்தேன். பழக்கத்துல வந்து துணியப் புடிச்சா. பொறவு சொல்லுதா, "அத்த, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு விடியக்காலைல, வாசக் கல்லு வேர்த்திருந்தத ஸ்டூல்ல ஏறி விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். படிகாரம்னா துவர்க்கும். அது கசந்துச்சு. அளத்து உப்பக் கலந்திருக்கியன்னு தெரிஞ்சு போச்சு."

"பொறவு ஏன்ட்டி உங்க அம்மட்ட சொல்லல? கழட்டிப் போட்டிருக்கலாம்லா"ன்னேன்.

"எதுக்குக் கழட்டணும்? நல்லா ஒழுகட்டும்னு சாமிய வேண்டிக்கிட்டு நின்னேன். நீங்க எனக்காகத்தான் கலந்தியன்னு நெனச்சேன் அத்த. சம்பந்தத்தத் தட்டிவிட்டு என்னயப் படிக்க அனுப்பத்தான் இப்படிச் செய்யுதியன்னு நெனச்சேன்."

நான் பாத்திரத்துல கெடந்த மிச்சத் தண்ணியையும் துணில ஊத்துனேன்.

"மாமியாரு அத நல்ல சகுனமாத் திருப்பிட்டதும் நான் உங்களத்தான் பாத்தேன். இது திருஷ்டி இல்ல, உப்பு, நான்தான் கலந்தேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க ரவிக்கத் துணிய வாங்கிட்டிய."

கோவமாச் சொல்லலம்மா. கோவமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த பதிலுக்குச் சொல்லியிருப்பேன். துணியப் புழிஞ்சு கொடில போட்டா. கால்ல விழுந்து கும்பிட்டா. போயிட்டா. போன்கூட இல்ல. ஜெயக்கொடிக்கு மட்டும் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம பேசுவாளாம்.

நான் எப்படிம்மா சொல்லியிருக்க முடியும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. அத்தன பேரு முன்னாடி, நான்தான் கலந்தேன்னு சொன்னா என்ன ஆகும்? பிள்ளையில்லாதவ வயித்தெரிச்சல்னு ஜெயக்கொடி சொன்னாளே, அது நெசம்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிருக்கும்? ஒரு வார்த்ததான், சரி. ஒரு வார்த்ததான். ஆனா அவ முன்னாடியா? செத்தாலும் சொல்ல மாட்டேன்.

அதுவுமில்லாம நானா அவளக் கெட்டிக் குடுத்தேன்? சீட்டு கெடச்ச பிள்ளையப் படிக்க விடாமத் தள்ளிவிட்டது யாரு? பெத்த தாயி. அவ மட்டும் அன்னிக்கு அடுப்படில நின்னு அப்படிப் பேசாம இருந்திருந்தா, அந்தப் பிள்ள கேட்டப்பவே நான் போயிச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்லா? எல்லாத்துக்கும் அவதான் காரணம். எனக்குன்னு வீட்டுக்குள்ள வந்து போயிட்டு இருந்தது ஒரே ஒரு பிள்ள. அதையும் என்னய அப்படிப் பாக்க வச்சிட்டாளே ஜெயக்கொடி. அவள நான் விடவே மாட்டேன்.